நடப்பதும் ஒரு வழிபாடே

(மூத்தோர் வழிபாட்டு நாளன்று ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் உடற்பயிற்சியும் மூத்தவர்களின் மன நலமும். இதைக் கேட்டவுடன் சிலர் யோசிக்கலாம். "ஆலயத்தில் சைவ சமயம் பேச வேண்டியவர் தேகப்பயிற்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே, இது வைத்தியர் பேச வேண்டிய விடயமல்லவா?" என்று நினைக்கலாம். வைத்தியர் சொல்ல வேண்டியதை வைத்தியர் சொல்லட்டும். ஆனால் இந்த விடயத்தில் நமது சமயத்துக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. அதை நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என்னுடைய கவலை.

சைவ சித்தாந்தத்தில் ஓர் அடிப்படைப் பாடம் உண்டு. ஆணவ இருளில் கிடக்கின்ற உயிருக்கு இறைவன் தன் கருணையினால் நான்கு பொருள்களைக் கொடுக்கிறான். அவை தனு, கரணம், புவனம், போகம். தனு என்றால் இந்த உடம்பு. கரணம் என்றால் மனம் முதலிய உட்கருவிகள். புவனம் நாம் வாழும் உலகம். போகம் நாம் அனுபவிக்கும் பொருள்கள். இவற்றைக் கொண்டுதான் உயிர் தன் மலத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும். எனவே இந்த உடம்பு அருளினால் கிடைத்த ஒரு கருவி. கமக்காரனுக்கு மண்வெட்டி எப்படியோ, அப்படி உயிருக்கு உடம்பு. மண்வெட்டியை மூலையில் சாத்தி வைத்தால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த பிறகு வயலைப் பார்த்து அழுது பயனில்லை.

நாற்பதங்களையும் இங்கே நினைத்துப் பாருங்கள். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று வரிசைப்படுத்தினார்கள் நம் முன்னோர். முதற்படியாகிய சரியை முழுக்க முழுக்க உடம்பினால் செய்வது. ஆலயத்தைக் கூட்டுதல், மெழுகுதல், பூக்கொய்தல், மாலை கட்டுதல், விளக்கேற்றுதல், வலம்வருதல், விழுந்து வணங்குதல் ஆகிய இவையெல்லாம் சரியை. திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கென்றே வைத்தார். உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவதற்கே என்பது அவருடைய தெளிவு. உடம்பை வெறுத்து ஒதுக்கிவிட்டு ஆன்மாவை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி நமது சமயம் ஒருபோதும் சொல்லவில்லை.

இனி நமது நிலைமைக்கு வருவோம். ஊரில் நம்முடைய அம்மாமாரும் அப்பாமாரும் எப்படி வாழ்ந்தார்கள்? விடிய எழும்பி முற்றம் கூட்டினார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். உரலில் இடித்தார்கள். வேலி அடைத்தார்கள். சந்தைக்கு நடந்தார்கள் அல்லது சைக்கிளில் போனார்கள். கோயில் திருவிழா என்றால் சுடுமணலில் சுவாமிக்குப் பின்னால் நடந்தார்கள். பிரதட்டை செய்தார்கள், அடியழித்தார்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரையில் நரைத்த தலைகளும் சேர்ந்தே போகின்றன. அவர்களில் யாரும் "உடற்பயிற்சி" என்ற சொல்லைச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இங்கே கனடாவில், அதுவும் இந்த ரொறன்ரோப் பகுதியில் என்ன நடக்கிறது? பிள்ளைகள் ஆசையோடு தாய் தந்தையரைக் கூப்பிட்டு எடுக்கிறார்கள். பதினைந்தாம் மாடியில் ஒரு வீடு. காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். வெளியே பனி. வழுக்கி விழுந்தால் இடுப்பு உடைந்துவிடும் என்ற பயம். பேச ஆங்கிலம் போதாது. துணைக்கு இருப்பது ஒரு கதிரையும் ஒரு தொலைக்காட்சியும்தான். டிசெம்பர் மாதத்தில் இங்கே பகல் வெளிச்சம் ஒன்பது மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான். அதே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் பதினொரு மணித்தியாலத்துக்கும் மேலே வெயில் இருக்கும். உடம்புக்கு அசைவும் இல்லை, கண்ணுக்கு வெளிச்சமும் இல்லை, வாய்க்குப் பேச்சும் இல்லை. இப்படி ஆறு மாதம் இருந்தால் மனம் என்னவாகும்?

நம்மவர்கள் "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள். "தலை சுத்துது" என்பார்கள். "நெஞ்சு கனக்குது", "நித்திரை வருகுதில்லை", "சாப்பாடு பிடிக்குதில்லை" என்பார்கள். "இந்த வயதில் இனி என்ன இருக்கு, சிவன் கூப்பிட்டால் போகவேண்டியதுதான்" என்பார்கள். நாமும் அதைக் கேட்டுவிட்டு, வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அடியார்களே, முதுமை வேறு, மனச்சோர்வு வேறு. முதுமை இயற்கை. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்து உண்டு, ஆலோசனை உண்டு, உடலசைவும் உண்டு.

இந்த இடத்தில் இரண்டு தவறான எண்ணங்களைக் கட்டாயம் அகற்ற வேண்டும். ஒன்று, "பக்தி குறைந்தவர்களுக்குத்தான் மனம் சோரும்" என்பது. இது நோயாளியின் தலையில் பாரத்துக்கு மேல் பாரம் ஏற்றுகிற பேச்சு. மற்றது, "எல்லாம் பிராரத்தம், அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும்" என்பது. பிராரத்த வினை உண்மைதான். ஆனால் திருநாவுக்கரசு சுவாமிகளுக்குச் சூலை நோய் வந்தபோது, அனுபவித்துத் தீரட்டும் என்று அவருடைய தமக்கையார் பேசாமல் இருந்தாரா? அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதை அழகாகக் கூறுகிறார். வயிற்று வலியால் துடித்தவர் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரை நாடி இரவோடு இரவாக வந்து சேர்கிறார். திலகவதியார் தம்பியைக் கடிந்து பேசவில்லை. திருநீறு கொடுக்கிறார். பிறகு விடியற்காலையில், தாம் நாள்தோறும் செய்யும் தொண்டுக்காகத் துடைப்பமும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் புறப்படும்போது தம்பியையும் உடன் அழைத்துச் செல்கிறார். கவனியுங்கள். நோயாளியைப் பாயில் படுக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் போகவில்லை. எழுப்பி, கூட்டிக்கொண்டு, நடக்க வைத்து, இறைவன் சந்நிதிக்குக் கொண்டுபோனார். அங்கேதான் நோய் நீங்கியது, அங்கேதான் தேவாரம் பிறந்தது. சோர்ந்து கிடப்பவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் எது என்பதற்கு அந்த அம்மையார் காட்டிய வழி இது. புத்தி சொல்ல வேண்டாம், கூட்டிக்கொண்டு நடந்தால் போதும்.

அப்பர் பெருமானின் பிற்கால வாழ்க்கையையும் பாருங்கள். அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. வயது போய்விட்டது என்று ஒரு மடத்தில் ஒதுங்கி இருக்கவில்லை. கையில் உழவாரப் படை. ஊர் ஊராக நடை. கோயில் வீதியில் முளைத்த புல்லைச் செதுக்குவதே அவருடைய தொண்டு. கயிலையைக் காணப் புறப்பட்டபோது கால்கள் தேய்ந்தன. கைகளால் தவழ்ந்தார். பின்பு மார்பினால் ஊர்ந்தார். அதுவும் முடியாதபோது புரண்டார். அப்படிப்பட்ட யாத்திரைக்கு நம்மை யாரும் அழைக்கவில்லை. ஆனால் முடிந்த உறுப்பைக் கொண்டு முடிந்த அளவு அசைந்துகொண்டே இருப்பது என்ற பாடம் நமக்கும் உரியது. நிறைவாகத் திருப்புகலூரிலும் அவர் உழவாரப் பணியே செய்துகொண்டிருந்தார். அங்கே மண்ணில் பொன்னும் மணியும் கிடக்கக் கண்டபோது அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது புராணம். பொன்னைக் கண்டு கலங்காத அந்த மனம் எங்கிருந்து வந்தது? திருவருளினால் வந்தது. அந்த அருள் வந்து தங்கிய உடம்பு நாள்தோறும் உழைத்த உடம்பு. அவருடைய திருவங்கமாலையில் தலை, கண், செவி, கை, கால் என்று ஒவ்வோர் உறுப்பையும் கூப்பிட்டு இறைபணிக்கு ஏவுகிறார். எந்த உறுப்பையும் ஓய்வு பெறச் சொல்லவில்லை.

இக்கால ஆராய்ச்சி இதற்கு என்ன சொல்கிறது? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999ஆம் ஆண்டு ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆன, கடுமையான மனச்சோர்வு நோயுள்ள 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் மூன்று நாள் நடை, மெல்லோட்டம் போன்ற பயிற்சி. மற்றொரு குழுவுக்கு மருந்து. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்திருந்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குத் தொடக்கத்தில் விரைவாகப் பலன் தெரிந்தது. ஆனால் குணமானவர்களை மேலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி மட்டும் செய்த குழுவில் நோய் திரும்பியவர்கள் குறைவாக இருந்தார்கள்.

2011ஆம் ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் வரை ஓராண்டு நடந்தார்கள். மூளையில் ஞாபகத்துக்குரிய ஒரு பகுதி உண்டு. வயது ஏற ஏற அது சுருங்குவது வழக்கம். நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 வீதம் வளர்ந்திருந்தது. கை கால் நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியே இருந்தது.

இது எப்படி நடக்கிறது? நடக்கும்போது இதயம் சற்று வேகமாக அடித்து மூளைக்கு இரத்தம் நன்றாகப் போகிறது. மனதை இலேசாக்கும் சில இரசாயனங்கள் சுரக்கின்றன. பகலில் அசைந்த உடம்புக்கு இரவில் நித்திரை வருகிறது. நித்திரை வந்தால் மறுநாள் எரிச்சலும் கலக்கமும் குறைகின்றன. தானாக எழும்பி, தானாக நடந்து, தன் வேலையைத் தான் செய்கிறவருக்குத் தன்னைப்பற்றி ஒரு மதிப்பு உண்டாகிறது. நாலு பேருடன் சேர்ந்து நடந்தால் தனிமையும் போகிறது. அந்தத் தன்மதிப்பையும் துணையையும் எந்தக் குளிசையும் தந்துவிடாது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே மருந்தை நிறுத்திவிடக்கூடாது. மருந்தைத் தந்த வைத்தியரிடம் கேட்காமல் ஒரு குளிசையைக்கூட விடவேண்டாம். இருதய வருத்தம், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முழங்கால் சத்திர சிகிச்சை உள்ளவர்கள் புதிய பயிற்சி தொடங்குமுன் குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்துங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயிர் வாழவே விருப்பமில்லை என்று யாராவது சொன்னால் அதை வெறும் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதியிலிருந்து கனடா முழுவதும் 988 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவு பகலாக உதவி கிடைக்கிறது. அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடப்பதால் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பேச உதவுங்கள்.

சரி, எவ்வளவு செய்ய வேண்டும்? 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென 2020ஆம் ஆண்டில் கனடாவில் வெளியிடப்பட்ட வழிகாட்டி வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது. ஐந்து நாளாகப் பிரித்தால் நாளுக்கு அரை மணித்தியாலம். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுத்தரும் பயிற்சி வேண்டும், விழாமல் நிற்பதற்கான சமநிலைப் பயிற்சியும் வேண்டும். சும்மா இருந்து தொலைக்காட்சி பார்க்கும் நேரம் நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் அது சொல்கிறது. நாடகம் பார்க்கும் தாய்மார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். நடந்துகொண்டே பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் தேவாரம் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம். பிரகாரத்தில் வலம்வரும்போது இந்த வேகம் வேண்டாம். அங்கே மெல்ல, அடிமேல் அடிவைத்து, ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு வாருங்கள். வேகநடையை வெளியே வைத்துக்கொள்வோம். மனதுக்கு இரண்டும் நல்லது.

நம் வழிபாட்டு முறையையே பாருங்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று வலம்வருகிறோம், அது நடை. பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடுகிறோம், அது தொடைத் தசைக்கும் முழங்காலுக்கும் வலுத்தருவது. விழுந்து கும்பிட்டு எழுகிறோம், அது நிலத்திலிருந்து எழும்பும் பழக்கத்தை உடம்பு மறக்காமல் வைத்திருப்பது. சம்மணம் கட்டி இருந்து கூட்டுப் பிரார்த்தனை செய்கிறோம். முழங்கால் இடங்கொடாதவர்கள் சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு கால்வாசி குனிந்தால் போதும். அதுவும் முடியாதவர்கள் கதிரையில் இருந்து மெல்ல எழும்பி, மெல்ல இருந்து, பத்துத் தரம் செய்யுங்கள். பிள்ளையார் கணக்குப் பார்க்கிறவர் அல்லர்.

தடி பிடிக்க வெட்கம், நடைவண்டி தள்ள வெட்கம் என்று வீட்டோடு இருக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத் தண்டியடிகள் நாயனாரை நினைவூட்டுகிறேன். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். திருவாரூர்க் கமலாலயத் திருக்குளம் தூர்ந்து சுருங்குவதை அறிந்து, அதைத் தாமே தோண்டிப் பெருப்பிக்கத் துணிந்தார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையில் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவித் தடவி மண்ணைச் சுமந்து கொட்டினார். கயிற்றைப் பிடித்தது அவருக்குக் குறைவாகப் படவில்லை. அந்தக் கயிறுதான் அவருடைய தொண்டுக்கு வழியாயிற்று. உங்கள் தடியும் நடைவண்டியும் அந்தக் கயிறு போன்றவையே. தைரியமாகப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

இப்போது பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. நீங்கள் பெற்றோரை அன்போடுதான் பார்க்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் "அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ, நான் செய்யிறன்" என்று எல்லா வேலையையும் கையிலிருந்து பறித்துவிடுகிறீர்கள். நாற்பது வருடம் ஒரு வீட்டையே நடத்திய கைக்கு மரக்கறி வெட்டக்கூட விடுவதில்லை. அது மரியாதை என்று நினைக்கிறீர்கள். அம்மாவுக்கோ, இனி என்னால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று படுகிறது. கத்தியால் கை வெட்டுப்படும் என்று பயந்தால் கீரையாவது ஆயக் கொடுங்கள். துணி மடிக்கக் கொடுங்கள். கடைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போய், அவசரப்படாமல் அவருடைய நடைக்கு நடவுங்கள். வைத்தியரிடம் கூட்டிப் போவதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். பெரியவர்களுக்கும் சொல்கிறேன். மருமகள் தேநீர் கொண்டுவந்து கையில் தரவேண்டும் என்று கதிரையில் காத்திருப்பதில் கௌரவம் எதுவும் இல்லை. எழும்பிப் போய் எடுத்தால் உங்களுக்கும் நல்லது, வீட்டிலும் சமாதானம்.

பேரப்பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. அப்பர் சுவாமிகள் முதியவர், ஞானசம்பந்தப் பிள்ளையார் சிறு குழந்தை. இருவரும் சேர்ந்து தல யாத்திரை செய்தார்கள். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இருவருமாக இறைவனிடம் காசு பெற்று அடியார்களுக்கு அமுதளித்தார்கள். முதுமையும் இளமையும் சேர்ந்து நடந்ததால் நாட்டுக்கே நன்மை விளைந்தது. சனிக்கிழமையில் தாத்தாவும் பேரனும் பூங்காவில் அரை மணித்தியாலம் நடக்கட்டும். தாத்தாவுக்குக் காலும் மனமும் தேறும், பேரனுக்குத் தமிழ் தேறும்.

குளிர்காலத்தில் என்ன செய்வது? பனி உறைந்த நாளில் வெளியே துணிந்து நடக்க வேண்டாம். பேரங்காடிகளின் உள்ளே வெப்பமும் உண்டு, மட்டமான நிலமும் உண்டு. அங்கே நடக்கலாம். மாடிக் குடியிருப்பின் நடைவழியில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடக்கலாம். பனி குறைந்த நாளில் வழுக்காத சப்பாத்து அணிந்து, வெயில் எறிக்கும் மத்தியான நேரத்தில் சற்று வெளியே போய் வெளிச்சம் படுங்கள்.

ஆலய சபையாரிடம் ஒரு விண்ணப்பம். செவ்வாய், வெள்ளிகளில் மத்தியானப் பூசைக்கு முன் ஒரு மணித்தியாலம் இந்த மண்டபத்தைத் திறந்து வையுங்கள். மூத்தோர் வந்து அரை மணித்தியாலம் சேர்ந்து நடக்கட்டும். பிறகு இருந்து பூமாலை கட்டட்டும், மரக்கறி வெட்டட்டும், பூசை கண்டு பிரசாதம் பெறட்டும். செலவு அதிகம் வராது. வாகனம் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் முறைவைத்து ஏற்றி இறக்கினால் போதும். பிள்ளைகள் இல்லாமல் தனியே வாழும் பெரியவர்களை முதலில் அழையுங்கள். ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் தொலைபேசி எடுத்து விசாரியுங்கள். அதுவும் சிவதொண்டே.

கடைசியாக, படுக்கையை விட்டு எழும்பவே முடியாத அடியார்களை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். திருநின்றவூரில் பூசலார் நாயனார் கோயில் கட்டப் பொருளில்லாமல், மனதுக்குள்ளேயே கல் கொணர்ந்து, நாள் பார்த்து, கோயில் எழுப்பினார். காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் அந்த மனக்கோயிலுக்கே முதலில் எழுந்தருளினான். படுக்கையில் இருப்பவர்கள் கண்ணை மூடி, ஊர்க்கோயிலின் வீதியை மனதினால் வலம்வாருங்கள். கூடவே விரலையும் பாதத்தையும் முடிந்த அளவு அசையுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அந்தக் கையைப் பிடித்து மெல்ல நீட்டி மடக்கிவிடுங்கள். அந்த வலமும் இறைவனுக்குத் தெரியும்.

நடக்கக் கூடியவர்கள், இன்று பூசை முடிந்ததும் உடனே காரில் ஏறிவிடாமல் இன்னும் ஒரு தரம் வலம்வந்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் தனியே நிற்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நடவுங்கள். எல்லாம் வல்ல சிவபெருமான் நம் எல்லோருக்கும் திடமான தேகத்தையும் தெளிவான மனதையும் தந்தருளப் பிரார்த்தித்து அமைகிறேன்.

திருச்சிற்றம்பலம்.